பதினோராவது அசைவு

இல்ல அண்ணாச்சி, நான் ஆஸ்பத்திரில வேலை பாக்கல. எல்லாரும் அப்படித்தான் கேக்காவ. இப்ப மதுரை பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா எக்ஸ்ரே படத்த எங்கையில குடுத்து, "இதப் பாத்துச் சொல்லுங்க தம்பி"ன்னு நிக்காவ. என்ன செய்ய? வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, எலும்பு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். இது வேற வெள்ளை. டேக்வாண்டோ டிரஸ்ஸு. கழுத்தச் சுத்தி கருப்புப் பட்டை இருக்கு பாருங்க, அது கண்டவனும் போட முடியாது.

எங்க ஊரு திசையன்விளைல போயி பேச்சிமுத்து மாஸ்டர்னு கேட்டுப் பாருங்க. கொரியா நாட்டுச் சண்டைக் கலைய அந்தப் பக்கத்துக்கு மொத மொதல்ல கொண்டுவந்தவன் நாந்தான். நான் கொண்டுவராட்டி அது பாட்டுக்கு கொரியாலயே கெடந்திருக்கும்.

அந்தா, முன்வாசல் பக்கத்துல பச்சைச் சுடிதார் போட்டு ஜன்னல்ல தலைய சாச்சிருக்கே ஒரு பிள்ளை, அது எம் மக. இசக்கியம்மாள். பதினொண்ணாங்கிளாஸ் படிக்கா. ஒரே வீட்டு ஆளுவ ஏன் தள்ளித் தள்ளி உக்காந்திருக்கீயன்னு பாக்கீய. நேத்து சாயங்காலத்துல இருந்து நான் அவகிட்ட பேசல. அவ பேசத்தான் செய்யுதா. "எப்பா, தண்ணி வேணுமா?"ன்னு கேட்டா. "எப்பா, முறுக்கு வாங்கட்டா?"ன்னு கேட்டா. நாந்தான் வாயே தொறக்கல. நீங்க கோவில்பட்டிலதான எறங்கணும்? ரெண்டு மணி நேரம் இருக்கு. மொதல்ல இருந்து சொன்னாத்தான் ஒங்களுக்கு வெளங்கும்.

ரெண்டாயிரத்து ரெண்டு வரைக்கும் நான் கராத்தே மாஸ்டர். நாகர்கோவில்ல ஆறு மாசம் படிச்சேன். ஆறு மாசம்னா லீவு நாளெல்லாம் சேத்துத்தான். முப்பது பிள்ளைய வந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு பையனோட அப்பா வந்தாரு. "மாஸ்டர், காலேஜ்ல விளையாட்டு சீட்டு குடுக்கதுல கராத்தேய சேக்க மாட்டாவளாம். டேக்வாண்டோன்னா சேப்பாவளாம். நீங்க அது சொல்லிக் குடுப்பீயளா?"ன்னு கேட்டாரு. சத்தியமாச் சொல்லுதேன், அந்தப் பேர நான் அன்னைக்குத்தான் கேக்கேன். "அதுவும் உண்டே, திங்கக்கெழமைல இருந்து"ன்னு சொல்லிட்டேன். வாய் இருக்கே, அது நம்மள எங்க கொண்டு விடும்னு அதுக்கே தெரியாது.

மூணே நாள். போர்டுல கராத்தேங்கிறத அழிச்சி டேக்வாண்டோன்னு எழுதச் சொன்னேன். எடம் பத்தல, கடைசி எழுத்து சுவத்துல போயி நின்னுச்சு. கராத்தே சட்டை முன்பக்கம் தொறந்திருக்கும். டேக்வாண்டோ சட்டைய பனியன் மாதிரி தலை வழியா மாட்டணும். பால்பாண்டி டெய்லர்கிட்ட முப்பது சட்டையும் தூக்கிட்டுப் போயி, முன்னால மூட்டித் தைக்கச் சொன்னேன். திங்கக்கெழமை காலைல ஆறு மணிக்கு டேக்வாண்டோ ஆரம்பிச்சாச்சு. ரெண்டு கலைக்கும் அந்தத் தையல்தான் வித்தியாசம்னு அன்னைக்கு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

பெறவுதான் பூம்சேன்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது. பூம்சேன்னா, எதிர்ல ஆளு இருக்கான்னு நெனச்சிக்கிட்டு நாம தனியா செய்யுற வரிசை. இத்தன தடவை தடுக்கணும், இத்தன தடவை குத்தணும், இந்தப் பக்கம் திரும்பணும்னு கணக்கு உண்டு. அதுக்குன்னு தனிப் போட்டியே நடக்கு. இத யாருட்ட போயிப் படிக்க? எம் மச்சான் அப்ப மெட்ராஸ்ல இருந்தான். பர்மா பஜார்ல ஒரு சிடி வாங்கி, துணிப் பைக்குள்ள பல்லுப்பொடி டப்பா, சீப்பு, சாவிக் கொத்து எல்லாத்தோடவும் போட்டுக் கொண்டுவந்தான். அதுதான் எனக்குக் குரு. இந்தா, இன்னமும் இந்தப் பையிலதான் இருக்கு, சாவி ஒரசுன கீறலோட.

அதுல ஒருத்தரு அரமண மாதிரி ஒரு கட்டடத்துக்கு முன்னால நின்னு செய்யுதாரு. மொத்தம் இருபது அசைவு. பத்து வரைக்கும் சாதாரணம். பதினோராவதுதான் உயிர்நிலை. வலது கையால ஒரு குத்து, "யாய்!"னு ஒரு சத்தம். உடனே இன்னொரு குத்து, "யாய்!" திரும்பவும் ஒரு குத்து, "யாய்!" மூணு. நம்மாளுவ கைய பின்னால இழுத்துத்தான மறுபடியும் குத்துவோம்? அவரு கை பின்னால வரவே இல்ல அண்ணாச்சி! குத்துன கை குத்துன எடத்துலயே திரும்பக் குத்துது. எனக்குப் புல்லரிச்சிப் போச்சு.

அதுகூடப் பரவால்ல. அவருக்குப் பின்னால கூரையில ஒரு புறா உக்காந்திருக்கு. சத்தம் கேட்டதும் பறக்கு. சரி, பறக்கத்தான செய்யும்? மூணு சத்தத்துக்கும் மூணு தடவை பறக்கு! ஒவ்வொரு குத்துக்கும் கூரைக்கு வந்து உக்காந்து, கரெக்டா அதே எடத்துல இருந்து கெளம்புது. ஒரு புறாவ எப்படிப் பழக்கி வச்சிருக்கான் பாருங்க கொரியாக்காரன்! நான் நாப்பது தடவை போட்டுப் பாத்தேன். ஒரு தடவைகூட அந்தப் புறா தப்பு பண்ணல.

சிரிக்காதீய. இருமலா? சரி, தண்ணி குடிங்க.

கைய இழுக்காம மூணு தடவை குத்தப் படிக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு. தோள்பட்டை ரெண்டு தடவை எறங்கிப் போச்சு. பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுத்தேன். ஏன் மாஸ்டர் மூணுன்னு கேட்டாவ. முத குத்து எதிரிக்கு, ரெண்டாவது அவன் கூட வந்தவனுக்கு, மூணாவது, போலீசுல சொல்லுவேன்னு நிப்பாம்லா, அவனுக்குன்னு சொன்னேன். ஆண்டு விழாவுல பேசும்போது இன்னும் கொஞ்சம் சேத்துக்கிட்டேன். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி கொரியா ராஜாவ காட்டுக்குள்ள மூணு திருடமாரு மறிச்சாவ, அவரு ஒத்தக் கையால மூணு பேரையும் சாச்சாரு, அதுதான் டேக்வாண்டோ பொறந்த கதைன்னு. தலைமை தாங்க வந்தவரு அழுதுட்டாரு. அடுத்த வருசம் நோட்டீஸ்ல அத அச்சடிச்சோம். அதுக்கு அடுத்த வருசம் வேற ஊரு மாஸ்டர் ஒருத்தரு அதே கதைய எங்கிட்டயே சொல்லுதாரு. அப்பத்தான் எனக்கும் அது நெசமா இருக்கும்னு நம்பிக்கை வந்துச்சு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, ஐகோர்ட்துரை கெடுக்கிற வரைக்கும். எம் மொத மாணவன் அவன். எங்கையால கருப்பு பெல்ட் கட்டி விட்டேன். ஒரு நாள் வந்து தலையச் சொறியுதான். "மாஸ்டர், புதுசா ஒரு சிடி பாத்தேன். அதுல பதினோராவது ஒரு குத்துதான் இருக்கு."

"புறா எத்தன தடவை பறக்கு?"ன்னு கேட்டேன்.

"புறாவே இல்ல மாஸ்டர்."

"புறா இல்லாத சிடி எப்படில அசலா இருக்கும்?"னு கேட்டேன். அடுத்த வாரமே தனியாப் பிரிஞ்சி போயிட்டான். நான் மாவட்ட டேக்வாண்டோ சங்கம்னா, அவன் மாவட்ட அசல் டேக்வாண்டோ சங்கம். அவன் பஸ் ஸ்டாண்டுல ஃபிளெக்ஸ் வச்சா, நான் அதுக்கு மேல ஒரு அடி ஒசரமா வைப்பேன். ஒரு தடவை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ரெண்டு கோஷ்டியவும் ஒரே மேடையில ஏத்தி விட்டுட்டாவ. ஒண்ணா ஆரம்பிச்சோம். அவம் பிள்ளையளுவ ரெண்டு குத்து முன்னாடியே முடிச்சிட்டு முழிச்சிக்கிட்டு நிக்கி. பாத்த சனமெல்லாம் பாவம், பாதில மறந்துட்டுபோலன்னு நெனச்சிது. கைதட்டு பூரா எங்களுக்குத்தான்.

சரி, எம் மக கதைக்கு வாரேன். இசக்கிக்கு நாலு வயசுல நான் சொல்லிக் குடுத்தது. மழலை மாறல, ஆனா மூணு குத்தும் சுத்தமா வரும். அவள மாதிரி காலு தூக்க எங்க மாவட்டத்துல ஆளு கெடையாது. பெத்தவன்னு சொல்லல, மாஸ்டரா சொல்லுதேன். இதுக்கு முந்தி ரெண்டு வருசம் மாநிலப் போட்டிக்குப் போயிருக்கா. ஒரு வருசம் ஏழாவது, ஒரு வருசம் எட்டாவது. ஜட்ஜுமாருக்கு அந்த மூணு குத்து பிடிபட மாட்டேங்கி, ரெண்டு தப்புன்னு மார்க்க கொறைச்சிருதாவ. மொத ரெண்டு எடத்துல வந்தாத்தான் தேசியப் போட்டி. தேசியம் போயிட்டு வந்தா மெட்ராஸ்ல ஒரு காலேஜ்ல விளையாட்டு சீட்டு, ஹாஸ்டலோட தாரோம்னு சொல்லியிருக்காவ. அவளுக்கு பிசியோதெரபி படிக்கணும்னு ஆசை. எந்தோள்பட்டைய நீவி நீவி வந்த ஆசை அது.

முந்தாநாளு இந்த வருசப் போட்டிக்குத் திருச்சி போகும்போது பஸ்ஸுல கேக்கா. "எப்பா, இந்த ஒரு தடவை ஒண்ணு மட்டும் குத்தட்டா?"

"உசுரு போனாலும் மூணு"ன்னு சொல்லிட்டேன்.

நேத்து காலைல மொத சுத்து. நான் கேலரியில உக்காந்திருக்கேன். பதினோராவது வருது. ஒரு குத்து. "யாய்!" அடுத்து பன்னெண்டாவதுக்குப் போயிட்டா. எனக்குக் கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. சொந்தப் பிள்ளை, அதும் ஆயிரம் பேருக்கு முன்னால! மார்க் போட்டாவ பாருங்க, எல்லாரையும் விட இவதான் மேல. ஐகோர்ட்துரை பின்சீட்டுல இருந்து எந்தோளத் தட்டி, "மாஸ்டர், பாப்பா நம்ம பக்கம் வந்துட்டா"ங்கான். அந்தத் தட்டு நேரே தோள்பட்டைல போயி விழுந்துச்சு.

விடுவேனா? பைய எடுத்துக்கிட்டு எறங்கிட்டேன். போட்டிக்கு விருந்தாளியா ஒரு கொரியாக்காரப் பெரியவரு வந்திருந்தாரு. யூன்னு பேரு. வயசு எழுபத்தஞ்சு இருக்கும். மகன் இங்க ஏதோ கம்பெனில வேலை பாக்கானாம், பாக்க வந்தவர இவனுவ மேடையில கொண்டு உக்கார வச்சிட்டானுவ. கூட மொழிபெயர்க்க நம்ம தமிழ்ப் பிள்ளை ஒண்ணு, கொரியா நாடகம் பாத்துப் பாத்தே பாஷை படிச்சிட்டாம். சாப்பாட்டு நேரத்துல நேராப் போயி, "நியாயத்த நீங்களே சொல்லுங்க"ன்னு சிடிய எடுத்து வச்சேன். மார்க் போடுற மேசையில இருந்த பழைய கம்ப்யூட்டர்ல போட்டாவ. இசக்கியும் வந்து பின்னால நிக்கா. ஐகோர்ட்துரையும் வந்துட்டான்.

பதினோராவது வந்துச்சு. யாய், யாய், யாய். புறாவும் மூணு தடவை பறந்துச்சு. "பாத்தீயளா!"ன்னு சத்தம் போட்டேன். அந்தப் பெரியவரு சிரிக்காரு, சிரிக்காரு, கண்ணுல தண்ணி வாற வரைக்கும் சிரிக்காரு. சந்தோசம் இருக்காதா, சொந்த ஊரு புறாவப் பாத்தா? சிரிச்சி முடிச்சிட்டு, எத்தன வருசமா சொல்லிக் குடுக்கீயன்னு கேட்டாரு. இருபத்திரெண்டு வருசம்னேன். எத்தன பிள்ளையன்னு கேட்டாரு. ஆயிரத்து நானூறு இருக்கும்னேன். எல்லாரும் இப்படித்தான் குத்துவாவளான்னு கேட்டாரு. ஒரு ஆளு விடாமன்னேன். சிரிப்பு நின்னுட்டு அவருக்கு. எந்திரிச்சி நின்னு, இடுப்பு வரைக்கும் குனிஞ்சி என்னக் கும்பிட்டாரு அண்ணாச்சி. கொரியாவே எந்திரிச்சி நின்னு கும்பிட்ட மாதிரி இருந்துச்சு. நான் ஐகோர்ட்துரைய ஒரு பார்வை பாத்தேன்.

பெறவு அவரு ஒரு கதை சொன்னாரு. அதுதான் எனக்கு இன்னும் வெளங்கல. அவரு ஊருல யுத்தம் முடிஞ்ச சமயம், எட்டு ஒம்பது பள்ளிக்கூடம் இருந்துச்சாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாஸ்டர். பாதிப்பேரு ஜப்பான்ல கராத்தே படிச்சிட்டு வந்தவங்களாம். ஆனா கேட்டா, எங்களுது ஆதிகாலத்துல இருந்து வாறதுன்னு சொல்லுவாங்களாம். ஒருத்தருக்கு ஒருத்தரு ஆகாதாம். நாங்க எவ்வளவோ பரவால்ல, ரெண்டு சங்கம்தான். கடைசில எல்லாரும் உக்காந்து பேசி, டேக்வாண்டோன்னு ஒரே பேரு வச்சி, இனிமே எல்லாரும் ஒரே மாதிரி செய்யணும்னு முடிவு பண்ணுனாவளாம்.

இவரோட மாஸ்டருக்கு யுத்தத்துல வலது முழங்கால்ல அடி. மடக்க முடியாது. அதனால திரும்பும்போதெல்லாம் கால தூக்காம தரையில இழுத்து வைப்பாராம். அதப் பாத்துப் படிச்ச அவ்வளவு பேரும் இழுத்துத்தான் வைப்பாங்களாம். ஒரே மாதிரி செய்யணும்னு சட்டம் வந்ததும், அந்த இழுவைய விடுங்கன்னு சொன்னாவளாம். மூணு வருசம் விடமாட்டோம்னு சண்டை போட்டாவளாம். பெறவு விட்டாச்சு. "போட்டியில நான் சரியாத்தான் வைப்பேன். ஆனா காலைல தனியா செய்யும்போது இன்னமும் இழுத்துத்தான் வைக்கேன், அப்ப எங்க மாஸ்டர் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும்"னு சொல்லி, எந்திரிச்சி செஞ்சே காட்டுனாரு. சர்ர்ருனு ஒரு இழுவை.

எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. ஒரு ஆளுக்கு முழங்கால் வலின்னா ஊரே நொண்டுறதா? கண்ணு முன்னால தப்புன்னு தெரியுது, அத ஒரு கலைன்னு அம்பது வருசம் கட்டி அழுவாங்களா மனுசங்க? படிச்ச நாடுங்காவ! மரியாதைக்கு அடக்கிக்கிட்டு, பையில இருந்த வர்மத் தைலத்துல ஒரு குப்பி எடுத்து, ஒங்க மாஸ்டருக்குக் குடுங்கன்னு நீட்டுனேன். அவரு செத்து முப்பது வருசம் ஆச்சாம். திரும்பிப் பாக்கேன், இசக்கி அழுதுக்கிட்டு நிக்கா. ஐகோர்ட்துரை தரையப் பாத்துக்கிட்டு நிக்கான். இதுல அழ என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

இந்தா, சாத்தூர் தாண்டியாச்சு. சுருக்கமாச் சொல்லிருதேன்.

மத்தியானம் மூணு மணிக்கு கடைசிச் சுத்து. காலைல செஞ்ச மாதிரி செஞ்சா மொத எடம் அவளுக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தரையில போட்டிருந்த வெள்ளைக் கோட்டுல வந்து நின்னா. ஆரம்பிக்க முந்தி நிமிந்து கேலரியப் பாத்தா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். கோவம் போகல எனக்கு. பத்து அசைவும் பளிங்கு மாதிரி செஞ்சா. பதினொண்ணாவது.

யாய்.

யாய்.

யாய்.

கை பின்னால வரவே இல்ல அண்ணாச்சி. இருபத்திரெண்டு வருசத்துல நான்கூட அப்படிச் செஞ்சது கெடையாது. அந்த அரங்கத்துல "ச்சோ"ன்னு ஒரு சத்தம். ஜட்ஜுமாரு ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டாவ. மார்க் வந்துச்சு. மூணாவது எடம். ரெண்டு எடந்தான் தேசியத்துக்கு. அந்தக் கொரியாக்காரரு மட்டும் எந்திரிச்சி நின்னு கைதட்டுனாரு.

நான் கேட்டதத்தான அவ செஞ்சா? எனக்குச் சந்தோசம் வரணும்லா? வரல. சிடி இருந்த பைய மடில இருந்து எடுத்துக் கீழ வச்சிட்டேன். ஐகோர்ட்துரை வந்தான். ஏதாவது கேலி பண்ணுவான், சட்டையப் பிடிச்சிரலாம்னு பாத்தேன். "பாப்பா அருமையாச் செஞ்சா மாஸ்டர்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டான். பாவி, கேலி பண்ணியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

இவ வெண்கல மெடல கழுத்துல போட்டுக்கிட்டு சிரிச்சிக்கிட்டே வாறா. ஏம்ளா இப்படிப் பண்ணுனன்னு கண்ணாலதான் கேட்டேன். "அந்தத் தாத்தா கால இழுத்து வச்சாருல்லா எப்பா, அதான்"னா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்? அப்ப மூடுன வாய்தான், இன்னும் தொறக்கல. நீங்க நான் அவமேல கோவமா இருக்கேன்னு நெனச்சீய. கோவம் அந்த மூணாவது குத்துலயே போயிட்டு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அண்ணாச்சி நான் அந்தப் பிள்ளைகிட்ட பேச? சீட்டு போச்சு அவளுக்கு. போனது தெரிஞ்சே மூணு குத்தியிருக்கா.

அடுத்த வருசம் ஒரு வாய்ப்பு இருக்கு. கடைசி வாய்ப்பு. இந்தா, கோவில்பட்டி வந்துட்டு. பைய எடுத்துக்கிடுங்க, குடைய மறந்துறாதீய. நீங்க முன்வாசல் வழியாத்தான எறங்குவீய? எனக்காக ஒரு உபகாரம் பண்ணுங்க. அந்தப் பிள்ளைய கடந்து போகும்போது, ஒரே ஒரு வார்த்தை. மூணுதான் சரி, அதுல மாத்தம் இல்ல, அத நீங்க சொல்ல வேண்டாம். "ஒங்கப்பா, இனிமே ஒண்ணு போதும்னு சொல்லச் சொன்னாரு"ன்னு சொல்லுங்க. அவளுக்கு வெளங்கும்.

நானே போயிச் சொல்லலாம்தான். நேத்துல இருந்து மூணு தடவை அவகிட்டப் போயி நின்னேன், மூணு தடவையும் திரும்பி வந்துட்டேன். போங்க, கண்டக்டர் விசில் அடிச்சிருவாரு. சொல்லிட்டு நிக்காதீய, எறங்கிருங்க. அவ பின்னால திரும்பிப் பாத்தான்னா, நான் தூங்கிட்டேன்னு சொல்லிருங்க.